ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு

நீ கேட்டதை முதலில் நானே ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று. ஊர் முக்கூடல் பக்கம். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றித்தான் உங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினாள். தம்பிக்கு 26 வயது, லோடு ஆட்டோ ஓட்டுகிறான். நாலு நாள் வயிற்றுப்போக்கு வந்து சரியாகி, பத்து நாள் கழித்துப் பாதத்தில் மதமதப்பு. மறுநாள் படி ஏற முடியவில்லை. அதற்கு மறுநாள் கையைத் தூக்கிச் சோறு அள்ள முடியவில்லை. நாலாம் நாள் மூச்சு. இப்போது பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி ஐசியூவில் வென்டிலேட்டரில் ஒன்பதாவது நாள். ஜி.பி.எஸ். என்ற நரம்பு நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். நீ திருப்பூரிலிருந்து பிள்ளைகள் இரண்டையும் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாய். அவனுக்கு நாம் பேசுவது கேட்குமா, கழுத்தில் துளை போடச் சம்மதிக்கலாமா, அம்மாவிடம் எவ்வளவு சொல்வது, சித்தப்பா கொச்சிக்குக் கொண்டுபோகச் சொல்கிறாரே, பெரியம்மா செய்வினை என்கிறாளே. இவ்வளவும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: “ஆட்டோ கடன் விஷயமா நான் நாலு மாசமா அவன்கிட்ட பேசல சிஸ்டர்.”

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீ என் மகள் வயது, அதனால் நீ என்றே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸ், அதில் பாதிக்கு மேல் ஐசியூ. இந்த நோயோடு படுத்திருந்தவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அக்கா தங்கைகளை வராந்தாவில் கோரைப்பாய் விரித்துப் படுத்திருக்கவும் பார்த்திருக்கிறேன்.

முதல் கேள்விக்கு நேராகப் பதில். கேட்கும். எல்லாமே கேட்கும். இந்த நோய் மூளையைத் தொடுவதில்லை. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் முகத்துக்கும் கை கால்களுக்கும் போகிற நரம்புகளைத்தான் பிடிக்கிறது. தூக்க மருந்து கொடுத்திருக்கும் நேரம் போக, மற்ற நேரமெல்லாம் உன் தம்பி உள்ளே முழு நினைவோடு இருக்கிறான். கட்டிலைச் சுற்றி நின்று, “இனி என்னத்த ஆட்டோ ஓட்டப் போறான்” என்று யாராவது பேசினால் அதையும் கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறான். திரும்பிப் படுக்கக்கூட முடியாது அவனால். அதனால் முதல் வேலை, உள்ளே போகிற எல்லோருடைய வாயையும் கட்டு. சித்தப்பாவிலிருந்து ஆரம்பி.

ஒருத்தரைப் பற்றிச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். ஐம்பதை ஒட்டிய வயது, பலசரக்குக் கடை வைத்திருந்தவர். இதே நோய், இதே வென்டிலேட்டர். வாயில் குழாய், கை கால் அசையாது, முகமும் தளர்ந்துபோய் இமைகூடச் சரியாக மூடாது. விழி மட்டும் மேலும் கீழும் போகும். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று வைத்துக்கொண்டோம். ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் க ங ச ஒரு வரி, ஞ ட ண ஒரு வரி என்று பதினெட்டு மெய்யை மூன்று மூன்றாக ஆறு வரி எழுதினேன். பக்கத்தில் பன்னிரண்டு உயிரை நாலு வரி. 247 எழுத்தையும் எழுத வேண்டியதில்லை பார், முப்பது போதும். முதல் வரியா, இரண்டாம் வரியா என்று நான் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டே வர வேண்டியது, அவர் மேலே பார்க்கும் இடத்தில் நிறுத்த வேண்டியது.

அன்று அவர் தம்பி பக்கத்தில் நின்றார். பன்னிரண்டு நாள் கழித்து அண்ணன் பேசப்போகிறார். நாலாம் வரி, முதல் எழுத்து, ம். உயிரில் இரண்டாம் வரி, நடு எழுத்து, உ. மு. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவர் மகள் பெயர் அந்த எழுத்தில் ஆரம்பிக்குமாம். அடுத்தது த், மறுபடியும் உ. முது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மூன்றாவது க், மறுபடியும் அதே உ. முதுகு.

முதுகு அரிக்கிறது. பன்னிரண்டு நாளாக அரித்திருக்கிறது மனுஷனுக்கு. நாங்கள் நாலு பேர் புரட்டிப் பிடித்து, அவர் தம்பி நன்றாகச் சொறிந்துவிட்டார். அந்த முகம் சிரிக்க முடியாத முகம். ஆனாலும் அந்தக் கண்ணை நான் மறக்கவில்லை. அதற்கு அப்புறம் தினம் பேசினார். கடை வாடகை கொடுத்தாச்சா, மோட்டாரை யார் போடுவது, இப்படி.

நீயும் ஒரு அட்டை எழுது. முதலில் டியூட்டி நர்ஸிடம் சொல்லிவிட்டுச் செய். ஒரேயடியாக எழுத்துக்குப் போகாதே, முதலில் ஆமாம் இல்லை மட்டும் பழக்கு. வலிக்குதா, சளி எடுக்கணுமா, சூடா இருக்கா, லைட்டை அணைக்கணுமா. சீக்கிரம் களைத்துவிடுவான், பத்து நிமிஷம் போதும். சிலருக்கு இந்த நோயில் விழியும் அசையாமல் போவதுண்டு. அப்படி இருந்தால் பதிலை எதிர்பார்க்காமல் நீ மட்டும் பேசு, அதற்கும் பலன் உண்டு.

காலைப் பிடித்துவிடாதே. பாசத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். இந்த நோயில் நரம்பு வலி ரொம்பக் கடுமையாக இருக்கும், சிலருக்குப் போர்வை பட்டாலே எரியும். அசைக்கவும் முடியாது, கத்தவும் முடியாது, அந்த நேரத்தில் அன்பாக ஒருத்தி அழுத்திக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? கேட்டுவிட்டுத் தொடு. நெற்றியில் கை வைப்பது பெரும்பாலும் பிடிக்கும்.

இனி நோயைப் பற்றிக் கொஞ்சம். முழுப்பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம், 1916-ல் இதை விவரித்து எழுதிய பிரெஞ்சு மருத்துவர்களின் பெயர். லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருவர் இருவருக்கு வரும். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய படை, கிருமி போன பிறகும் ஆள் தெரியாமல் நம் நரம்பையே அடிக்கிறது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒரு பாக்டீரியா இதற்கு முக்கியமான காரணம். 2025 தொடக்கத்தில் புனேயில் ஒரே சமயத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்ததே, அங்கேயும் அசுத்தமான தண்ணீரைத்தான் சந்தேகித்தார்கள். அதற்காக, “எந்தக் கடையில தின்னான்” என்று இப்போது தோண்டிக்கொண்டிருக்காதே. அதே தண்ணீரைக் குடித்து வயிறு கெட்டவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இது வருவது அபூர்வம்.

அம்மாவுக்குச் சொல்வதென்றால் இப்படிச் சொல். பீடியில் தூளைச் சுற்றி இலை இருக்கிறதில்லையா, அதுபோல நரம்பைச் சுற்றி ஒரு உறை. அந்த இலை பிய்ந்துபோயிருக்கிறது. உள்ளே தூள் அப்படியே இருந்தால் உடம்பே மறுபடி இலை சுற்றிக்கொள்ளும், அதற்கு வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். சிலருக்கு உள்ளே இருக்கும் நரம்பிழையும் அறுந்திருக்கும், அது வளர்வது நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கு. இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்து நீயே அளந்து பார். பாதம் கடைசியில்தான் வரும் என்று சொல்வது அதனால்தான்.

“அஞ்சு நாள் ஊசி போட்டும் ஒண்ணும் கேக்கலியே” என்று எழுதியிருந்தாய். அது இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலிருந்து பிரித்து எடுப்பது. உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 2 கிராம், அதை ஐந்து நாளாகப் பிரித்துப் போடுவது வழக்கம். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். இதற்குப் பதிலாகப் பிளாஸ்மா மாற்றும் முறையும் உண்டு. இரண்டும் ஒரே பலன்தான், ஒன்று முடிந்து இன்னொன்றையும் செய்வதால் கூடுதல் லாபம் இல்லை என்று ஆய்வில் பார்த்துவிட்டார்கள். ஸ்டீராய்டு இதற்கு வேலை செய்யாது, “ஏன் போடல” என்று டாக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நீ சொன்ன அந்த ஊசி, உடம்பு நரம்போடு போடும் சண்டையைத்தான் நிறுத்துகிறது. பிய்ந்ததை அது ஒட்டுவதில்லை. போட்ட மறுநாள் கை அசையும் என்று யாராவது சொல்லியிருந்தால் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். மருந்து போட்ட பிறகும் சில நாள் இறங்கத்தான் செய்யும். இறங்குவது இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் நின்றுவிடும், அப்புறம் கொஞ்ச நாள் ஏறவும் செய்யாது இறங்கவும் செய்யாது. குடும்பம் உடைந்துபோவது அந்த நாட்களில்தான். ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மொத்தத்தில் 100 பேரில் 80 பேர் அளவில் ஆறு மாதத்துக்குள் எதையும் பிடித்துக்கொள்ளாமல் தானாக நடக்கிறார்கள். 5 பேர் அளவில் உயிரிழக்கிறார்கள், நல்ல வசதி உள்ள இடங்களிலும். வென்டிலேட்டர் வரை போனவர்களுக்கு நாள் கூடுதலாகும், இந்தக் கணக்கும் கொஞ்சம் இறங்கும். வயது குறைவு என்பது உன் தம்பிக்குப் பெரிய பலம். கவனிக்க வேண்டியது நிமோனியா, காலில் ரத்தம் உறைவது, படுக்கைப்புண், காரணமில்லாமல் பிரஷர் ஏறி இறங்குவது. மானிட்டரில் எண் தாவுவதைப் பார்த்துப் பதறாதே, இந்த நோயில் அது நடக்கும். அதைப் பார்க்கத்தான் அங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறது.

கழுத்துத் துளைக்குச் சம்மதிக்கலாமா என்றால், நான் உன் இடத்தில் இருந்தால் சம்மதிப்பேன். “கழுத்துல ஓட்டை போட்டா ஆளு முடிஞ்சுதுன்னு அர்த்தம்” என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வாய்வழிக் குழாய் ரொம்ப நாள் இருந்தால் தொண்டை புண்ணாகும். இன்னும் சில வாரம் வென்டிலேட்டர் வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் குழாயைக் கழுத்துக்கு மாற்றுகிறார்கள். வாய் காலியாகும், தூக்க மருந்தைக் குறைக்கலாம், சளி எடுப்பது சுலபம், முகம் தேறியதும் உதட்டசைவிலேயே பேசலாம். வேலை முடிந்து குழாயை எடுத்தால் துளை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். தழும்பு இருக்கும், சட்டைக் காலர் மறைத்துவிடும்.

கொச்சி விஷயம். சித்தப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: இங்கே இல்லாத எது அங்கே இருக்கிறது? இந்த நோய்க்கு வேண்டியது அந்த மருந்து, வென்டிலேட்டர், ராத்திரி பகல் பார்க்க நர்ஸ், பிசியோதெரபி. அது இங்கேயே கிடைத்துவிட்டது என்றால், பிரஷர் தாவிக்கொண்டிருக்கும் ஆளை ஆம்புலன்ஸில் ஏற்றி மலை தாண்டிக் கொண்டுபோவது வீண் ஆபத்து. இன்னொரு ரவுண்டு அதே ஊசி போட்டால் தேறுவான் என்று யாராவது சொன்னாலும் ஏன் என்று கேள். இரண்டாம் தடவை போடுவதால் பலன் இல்லை, தொந்தரவுதான் கூடுகிறது என்று 2021-ல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, காரணம் கேட்டுக்கொள். கேட்டதற்காகக் கோபப்படும் டாக்டர்கள் நீ நினைப்பதைவிடக் குறைவு.

செய்வினை. பெரியம்மா உன்னைப் பயமுறுத்த அதைச் சொல்லவில்லை. நடந்ததற்கு அவளுக்குத் தெரிந்த பெயர் அதுதான். சண்டை போடாதே. சாஸ்தாவுக்கு நேர்ந்துகொள்ளச் சொல், சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய்வரச் சொல். போக நாலு பேர் இருப்பதும் நல்லதுதான், ஐசியூ வாசலில் கூட்டம் குறையும். திருநீறு நெற்றியில் ஒரு கீற்று, நர்ஸிடம் கேட்டுவிட்டு. குழாய்க்குப் பக்கத்தில் ஊதக் கூடாது. மூக்குக் குழாய் வழியாக எதுவும் ஊற்றக் கூடாது, தீர்த்தமானாலும் சரி, ஆட்டுக்கால் சூப்பானாலும் சரி. வர்ம எண்ணெய் போட்டுத் தடவுகிறவரை இந்த நேரத்தில் உள்ளே விடாதே. முடிகயிறுக்கும் மைக்கும் ஆயிரக்கணக்கில் காசு கேட்டால் மட்டும் எழுந்து நில், அங்கே மரியாதை பார்க்க வேண்டாம்.

இதோடு சேர்த்து இன்னொன்று. நாளைக்கே உன் தம்பி அட்டையில், சுவரில் யாரோ நடக்கிறான் என்றோ, தன்னை ஆற்றில் மிதக்கவிட்டிருக்கிறார்கள் என்றோ சொல்லலாம். இந்த நோயில், ஐசியூவில், தூக்கமில்லாமல் கிடப்பவர்களுக்கு இப்படிக் காட்சிகள் வருவது சகஜம். பெரியம்மா காதில் விழாமல் பார்த்துக்கொள். விழுந்தால் அன்றைக்கே கேரளாவிலிருந்து ஆள் வந்துவிடும்.

அம்மா விஷயத்தில் நீங்கள் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. “காலுல நரம்பு இழுத்திருக்கு, ரெண்டு நாள்ல வந்துருவான்” என்று சொல்லி ஒன்பது நாள் ஓடிவிட்டது. சொளவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் இலை வெட்டினது வெட்டினபடி கிடக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அவளுக்குத் தெரியும் பிள்ளே. நிஜம் மட்டும்தான் தெரியாது, அதனால் அதைவிட மோசமானதை நினைத்துக்கொண்டிருக்கிறாள். கூட்டிக்கொண்டு வா. வழியில், பஸ்ஸிலேயே சொல்லிவிடு: வாயில் குழாய் இருக்கும், மூக்கில் ஒன்று இருக்கும், கையைக் கட்டிலோடு சேர்த்து வைத்திருப்பார்கள், முகம் வீங்கியிருக்கும், கண்ணில் களிம்பு போட்டு ஒட்டியிருப்பார்கள், மிஷின் சத்தம் வரும், அது மூச்சுச் சத்தம். உள்ளே ஐந்து நிமிஷம். அழுதால் அழட்டும், ஒப்பாரி வைக்க மட்டும் விடாதே. பார்த்துவிட்டு வந்த தாய்மார் அன்று ராத்திரி தூங்கியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பணம். நகையை இப்போது அடகு வைக்காதே. இதை நான் இரண்டு தடவை சொன்னதாக வைத்துக்கொள். அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று முதலில் பார். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் தகுதி உண்டு. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, அப்புறம் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையம். ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டால் வழி சொல்வார்கள். இந்த ஓட்டத்தைச் சித்தப்பா மகனிடம் கொடு. “ஏதாவது செய்யணுமா” என்று வாசலில் சும்மா நிற்கும் எல்லோருக்கும் இப்படி ஒரு சோலி கொடு. நகை உனக்கு எப்போது வேண்டியிருக்கும் தெரியுமா? நாலாம் மாதம். தம்பி வீட்டில் கிடப்பான், சம்பாத்தியம் இருக்காது, ஆட்டோ தவணை கழுத்தை நெரிக்கும், பிசியோவுக்கு ஆட்டோ வைத்துப் போக வேண்டும், அப்போது ஊர்க்காரர்கள் வருவது நின்றிருக்கும். தவணைக்காரரிடம் இப்போதே போய் ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டிப் பேசிவை.

உன் கதைக்கு வருகிறேன். கூடப்பிறந்தவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. வருகிறவர்கள் எல்லாம் “அம்மா எப்படி இருக்கா” என்று கேட்பார்கள். கல்யாணமானவன் என்றால் பெண்டாட்டியைக் கேட்பார்கள். அக்காளை யாரும் கேட்பதில்லை. அக்காளிடம் கேட்பது “டாக்டர் என்ன சொன்னாவ?” மட்டும்தான். மாமியார் வீட்டிலோ, “பொறந்த வீட்டுக்குப் போனவ பத்து நாளா வரல” என்ற பேச்சு. போதாததற்கு அந்த நாலு மாதம் நெஞ்சில் கிடக்கிறது.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். 1999-ல் என் தம்பிக்கு மூளையில் ரத்தக்கசிவு. வயது 31. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். எனக்கு விவரம் தெரியுமல்லவா? உள்ளே போனதும் சார்ட்டை எடுப்பேன், சொட்டு எண்ணுவேன், மூத்திரப் பையைப் பார்ப்பேன், அங்கிருந்த பிள்ளைகளிடம் “ஏன் இன்னும் திருப்பிப் போடல” என்று சத்தம் போடுவேன். இருபது நாள் அப்படியே போச்சு. பிழைத்துக்கொண்டான், இடது கை மட்டும் கொஞ்சம் பலம் குறைவு. ஏழெட்டு வருஷம் கழித்து ஊர்க் கோயில் கொடைக்குப் போயிருந்தபோது, வில்லுப்பாட்டு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில் சும்மா சொல்கிற மாதிரிச் சொன்னான்: “நீ தெனமும் வந்தக்கா. வந்து மூத்திரப் பையத்தான் பாத்த. என் மூஞ்சியப் பாக்கல.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு வில்லுப்பாட்டில் என்ன கதை பாடினார்கள் என்று எனக்கு இப்போதும் நினைவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், வைத்தியம் பார்க்க அங்கே ஆள் இருக்கிறது. அக்காவாக நீ ஒருத்திதான்.

அந்த நாலு மாதத்தை என்ன செய்வது? கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுது மன்னிப்புக் கேட்காதே. அவனால் பதில் சொல்ல முடியாது. “விடுக்கா” என்று சொல்லத் தோன்றினாலும் வாயில் குழாய். நீ பாரத்தை இறக்கிவிட்டு வெளியே வந்துவிடுவாய், அவன் அதைத் தூக்கிக்கொண்டு கிடப்பான். அதைவிட முக்கியம், அக்கா இப்படி அழுகிறாளே, அப்போ நான் சாகப்போகிறேன் போல என்று நினைப்பான். ஒரே தடவை, சாதாரணக் குரலில் சொல்: “ஏலே, ஆட்டோ சமாச்சாரத்த மனசுல வச்சிக்கிடாத. நீ எந்திரிச்சு வா, பொறவு ஒக்காந்து பேசுவோம்.” அவ்வளவு போதும். பொறவு என்ற ஒரு சொல்லில் அவன் எழுந்து வருவான் என்பதும் இருக்கிறது, உனக்கும் அவனுக்கும் இன்னும் சண்டை போட நாள் இருக்கிறது என்பதும் இருக்கிறது. அப்புறம் ஊர்ப் பேச்சு பேசு. எந்த ஆடு குட்டி போட்டது, ஆற்றில் எவ்வளவு தண்ணீர், ஆட்டோவை யார் ஸ்டார்ட் பண்ணிவைக்கிறார்கள், உன் பிள்ளைகள் மாமாவைக் கேட்டது. இன்று என்ன கிழமை, என்ன மணி என்று ஒவ்வொரு தடவையும் சொல். உள்ளே அவனுக்குப் பகலும் ராத்திரியும் ஒன்றுதான்.

வராந்தாவில் ஒன்பது ராத்திரி படுத்திருக்கிறாய். போதும். ஐசியூ நோயாளிக்கு ராத்திரி வெளியே ஒருவர் இருக்க வேண்டும், அது நீயாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. தாய்மாமா, சித்தப்பா மகன், கூட ஆட்டோ ஓட்டும் பையன்கள் என்று முறை போடு. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கு. தேதி, டாக்டர் சொன்னது, வாங்கின மருந்து, கொடுத்த காசு, அடுத்து கேட்க வேண்டிய கேள்வி. யார் முறையோ அவர்கள் எழுத வேண்டும். தினம் சாயங்காலம் ஒரே ஒருவர் எல்லோருக்கும் வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பட்டும், நீ நாற்பது போனுக்குப் பதில் சொல்லாதே. முக்கூடலுக்குப் போய்க் குளித்து, சோறு தின்று, கட்டிலில் படு. அப்படிப் போகிற அன்றைக்கு அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பதறும். அந்தப் பதற்றத்தோடுதான் போக வேண்டியிருக்கும். ஆறு மாத ஓட்டம் இது, முதல் பதினைந்து நாளிலேயே நீ படுத்துவிட்டால் அப்புறம் அவனைத் தூக்கி உட்காரவைக்க யார் இருக்கிறார்கள்?

பிள்ளைகளிடம் தினம் ஒரே நேரத்தில் பேசு. உன் வீட்டுக்காரரிடம் “நல்லாயிருக்கேன்” என்று சொல்லாதே, என்ன நடக்கிறது என்று சொல். மாமியாருக்குப் பதில் சொல்வது அவர் வேலை.

உனக்கும் பிள்ளைகளுக்கும் இது வருமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாய். தொற்றாது. பரம்பரையாகவும் வருவதில்லை. இப்போது உன் பாதம் மதமதப்பது வராந்தாத் தரையில் ஒன்பது நாள் படுத்ததால் இருக்கலாம், ஆனாலும் அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டிவிடு, சந்தேகத்தோடு இருக்க வேண்டாம். வீட்டுக்குப் போன பிறகும் தூக்கம் வராமல், எதிலும் மனசு ஒட்டாமல் இரண்டு மூன்று வாரம் ஓடினால் 14416-க்கு போன் பண்ணு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுள்ள கதை பெரிது, அதை அப்போது கேள். இரண்டு மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். பாதம் தொங்கிப் போகாமல் இருக்க ஐசியூவில் இருக்கும்போதே பலகையோ ஸ்பிளின்ட்டோ வைக்க வேண்டும், பிசியோ வருகிறாரா என்று நோட்டில் எழுதிக் கேள். டிஸ்சார்ஜ் ஆகும்போது உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள், 2021-லிருந்து நடக்கிறது. பயிற்சியை அளவோடு செய்ய வேண்டும். சீக்கிரம் நடக்க வைக்கிறேன் என்று மாமா அவனைத் தோளில் போட்டு இழுத்தால் மறுநாள் பலம் இன்னும் குறைந்துதான் இருக்கும்.

அட்டை எழுதும்போது எழுத்து பெரிதாக, கறுப்பு மார்க்கரில் எழுது. ஔ வேண்டாம், அதைக் கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் அடிக்கடி வேண்டியதை முழுச் சொல்லாக எழுதிவை: வலி, சளி, சூடு, குளிர், அம்மா. ஓரத்தில் முதுகு.